இடது கண் இருட்டியதை நாங்கள் சொல்லவில்லை

மயக்க மருந்து கொடுக்கும் பெண் டாக்டர் அன்று எங்களிடம் பதினைந்து இருபது கேள்விகளாவது கேட்டிருப்பார். அதில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நாங்கள் பொய் சொன்னோம். என் கணவர் வாய்திறந்து சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் கோப்பு பார்த்து, செக்‌ஷன் ஆபீஸராக ஓய்வு பெற்றவர். திருநெல்வேலியிலிருந்து இருபத்திரண்டு வயதில் டெல்லிக்கு வந்தவர். நான் கல்யாணமாகி வந்தது மோதி பாக்கில் அவருக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸுக்கு. பிறகு மயூர் விஹாரில் ஹவுஸிங் சொஸைட்டி ஃப்ளாட் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம். நான் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஒரே மகள். குர்கானில் வேலை, அங்கேயே வீடு.

அவருடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. முதலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை இறங்கினார், பிறகு ஒரு முறை, பிறகு டாக்டரிடம் போக மட்டும். காய்கறி, பேங்க், மருந்து, கரண்ட் பில் எல்லாம் என் தலையில். அது கூடப் பரவாயில்லை. வெளியே போக முடியாத ஆண்பிள்ளை வீட்டுக்குள் என்னவெல்லாம் ஆவார் என்பதை நான் அந்த இரண்டு வருடத்தில் தெரிந்துகொண்டேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணுவார். நான் கீழே போய் வர எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்பார். நடக்கும்போது வலியில் கத்துவது இல்லை; அதற்குப் பதிலாக என்னைப் பார்த்துக் கத்துவார்.

முழங்கால் மாற்ற நாள் குறித்தார்கள். சர்க்கரை கூடியிருக்கிறது என்று தள்ளிப் போட்டார்கள். மூன்று மாதம் அரிசியைக் குறைத்து, மாத்திரையை மாற்றி, சர்க்கரையை இறக்கி, மறுபடி நாள் வாங்கினோம். மகள் பத்து நாள் லீவு சொல்லி வைத்தாள்.

அந்த நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் முதல் முறை வந்தது. குளிர்காலம். காலையில் குளியலறை வாசலில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் அதட்டல் இல்லை என்பதால்தான் உடனே போனேன்.

"இந்தா, இங்க வா. இடது கண்ணு தெரியல."

"தூசி விழுந்திருக்கும். இருங்க, பாக்கேன்."

"தூசி இல்ல. மேல இருந்து ஒரு திரை எறங்குன மாதிரி இருக்கு. வலது கண்ண மூடுனா ஒண்ணுமே இல்ல. கண்ணாடியும் இல்ல, நீயும் இல்ல."

கன்னத்தில் பாதி சோப்பு நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அடுப்பில் டீ கொதித்து வழிகிறதே என்று ஓடினேன். அணைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதை வடிகட்டியும் கொண்டுவந்தேன். அதற்குள் அவர் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டு," என்றார். "எல்லாம் தெரியுது."

பத்து நாள் கழித்து இரண்டாவது முறை. பால்கனி வெயிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் இருந்தார். கேட்டேன். அதே கண், அதே திரை. ஐந்து நிமிடம்கூட இருக்காது.

"கண் டாக்டர்ட்ட போயிட்டு வந்துருவோமே," என்றேன்.

"மோத்தியா ஆரம்பிக்குது, வேற என்ன? எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் வந்தது," என்றார். கண்புரையை அவர் எப்போதும் மோத்தியா என்றுதான் சொல்வார். "இப்பப் போயி கண்ணுன்னு ஒண்ணச் சொன்னா கண் டாக்டர்ட்ட அனுப்புவான். அவன் இன்னொருத்தன்ட்ட அனுப்புவான். ஆபரேஷன் தேதி போயிரும். மறுபடி மூணு மாசம் இந்த நாற்காலியிலேயே கெடக்கணும். மககிட்டயும் சொல்லாத. சொன்னா அவளே தேதிய மாத்திருவா."

நான் சரி என்று சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மறுபடி மூன்று மாதம் என்று அவர் சொன்னபோது எனக்குள் என்ன ஓடியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பு எல்லாச் சோதனையும் முடித்து அந்தப் பெண் டாக்டரிடம் போனோம். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். மகள் அன்று வரவில்லை, நாங்கள் இருவர்தான். டாக்டர் ஹிந்தியில் கேட்கக் கேட்க அவர் ஆபீஸில் பதில் எழுதுவதுபோல டக் டக்கென்று சொல்லிக்கொண்டே வந்தார். மாரடைப்பு உண்டா, ஆஸ்துமா உண்டா, பல் ஆடுகிறதா, மாத்திரை என்னென்ன.

"எப்போதாவது கை கால் மரத்துப்போனது, பேச்சு குழறியது, கண் முன்னால் இருட்டியது?"

இதையும் ஹிந்தியில்தான் கேட்டார். 'அந்தேரா' என்றால் இருட்டு என்று எனக்குத் தெரியும்.

"நஹீ. குச் நஹீ," என்றார் என் கணவர். இல்லை, ஒன்றும் இல்லை என்று.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். வீட்டுப் பெண்களிடம்தான் உண்மை இருக்கும் என்று அவருக்குப் பழக்கத்தில் தெரிந்திருக்க வேண்டும். "ஆன்ட்டி, ஏதாவது விட்டுப்போச்சா?" என்பதுபோல ஒரு பார்வை. நான் மடியிலிருந்த ஃபைலைத் திறந்து, இ.சி.ஜி. தாளைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். நன்றாக இருந்தது. இருதய ஸ்கேனும் நன்றாக இருந்தது, நெஞ்சு எக்ஸ்ரேயும். கழுத்தை யாரும் ஸ்கேன் செய்யவில்லை. செய்யச் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காரணம் எங்களிடம் இருந்தது.

ஆபரேஷன் காலை ஒன்பது மணிக்கு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள், கூடவே லேசாகத் தூங்க மருந்து. பதினொன்றரை மணிக்கு எலும்பு டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்து, முழங்கால் முதல் தரம், அடுத்த மாதம் நடப்பதைப் பாருங்கள் என்றார். நடுவில் பிரஷர் கொஞ்சம் இறங்கியது, மருந்து கொடுத்து ஏற்றிவிட்டோம், இந்த ஊசியில் அது வழக்கம்தான் என்றார். மகள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பேரும் கேன்டீனில் போய் இட்லி சாப்பிட்டோம். நான் மூன்று இட்லி சாப்பிட்டேன் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஒரு மணிக்கு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திறந்தார். என்னைப் பார்த்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. வாயின் வலது ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. சுத்தம் பார்க்கிற மனுஷன், டீ குடித்தாலே கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொள்கிறவர், அதைத் துடைக்கவில்லை. நான் துடைத்துவிட்டு அவருடைய வலது கையை எடுத்தேன். பிழிந்து போட்ட துணிபோல இருந்தது. விட்டேன். விழுந்தது.

நர்ஸ் கேரளத்துப் பெண். என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள்.

"மயக்கம் முழுசா தெளியல அம்மே. கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

"முதுகுல போட்ட ஊசி இடுப்புக்குக் கீழதானம்மா? கை ஏன் வரல?" என்று கேட்டேன்.

அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். அருகே வந்து அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, இரண்டு கையையும் தூக்குங்கள் அங்கிள் என்று ஹிந்தியில் சொன்னாள். இடது கை எழுந்தது. சிரியுங்கள் என்றாள். முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரிக்கப் பார்த்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு ஃபோனை எடுத்தாள். சில நிமிடங்களில் நாலைந்து பேர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடினார்கள். நான் அவருடைய செருப்புப் பையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி இடத்தில் நின்றேன்.

மாலையில் நரம்பு டாக்டர் எங்களை ஓர் அறைக்குக் கூப்பிட்டார். வயதானவர், அவசரமில்லாமல் பேசினார். பாதி ஆங்கிலம், பாதி ஹிந்தி. மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அவருக்கு இடது பக்கக் குழாயின் உள்ளே கொழுப்பு படிந்து படிந்து, நூல் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. வலிக்காது. பிரஷர் சரியாக இருக்கும்வரை அந்த நூல் வழியிலேயே ரத்தம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆபரேஷனில் பிரஷர் இறங்கியபோது போய்ச் சேரவில்லை. போதாததற்கு அந்தப் படிவிலிருந்து துணுக்குகள் உடைந்து மேலே போய் அடைத்திருக்கின்றன. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி உண்டு, ஆனால் இப்போதுதான் எலும்பை அறுத்த காலில் ரத்தம் நிற்காமல் போய்விடும், போட முடியாது. கம்பி விட்டு எடுக்கலாமென்றால் அந்தத் துணுக்குகள் கம்பி எட்டாத சின்னக் கிளைகளில் இருக்கின்றன.

"பல பேருக்கு இது முன்னாலேயே ஒரு எச்சரிக்கை கொடுக்கும்," என்றார் டாக்டர். "அதே பக்கத்துக் கண் சில நிமிடம் இருட்டிவிட்டுத் தானாகச் சரியாகிவிடும். இவருக்கு அப்படி ஏதாவது?"

"நோ டாக்டர், அப்படி எதுவும் இல்லை," என்றாள் மகள்.

"ஆமா," என்றேன் நான். "ரெண்டு தடவ."

தமிழில்தான் சொன்னேன், இரண்டு விரலைக் காட்டி. டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது. மகளுக்குத்தான் புரிய நேரமானது.

"என்னம்மா சொல்ற? எப்ப?"

சொன்னேன். சவரம் செய்தது, பேப்பர் படித்தது, அவர் சொல்லாதே என்றது, பெண் டாக்டர் கேட்டது, எல்லாம்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த ரூம்ல சும்மா உக்காந்திருந்தியா? அப்பா ஸித்தி, பிடிவாதம், அவர் அப்படித்தான். நீ? எனக்கு ஒரு ஃபோன் பண்ணிருந்தா... நெட்ல போட்டுப் பாத்திருந்தாகூடத் தெரிஞ்சிருக்கும்மா."

"அவங்கதான் சொல்ல வேண்டாம்னு..."

"பஸ், அம்மா. பஸ்."

நிறுத்து என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் முதுகைப் பார்த்தபடியே, நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று டாக்டரிடம் கேள் என்றேன். அவள் திரும்பாமலேயே ஆங்கிலத்தில் கேட்டாள். கழுத்தை ஸ்கேன் செய்திருப்போம், முழங்காலைத் தள்ளி வைத்து முதலில் கழுத்தைக் கவனித்திருப்போம் என்றார் அவர். அதற்கு மேல் எது சொன்னாலும் அது ஊகம்தான் என்றார். நல்லவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. எட்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஒன்பதாம் நாள் நான் ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது என் கையைத் தள்ளிவிட்டு, "பானி," என்றார்.

தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது தண்ணிதான். பானி என்று கேட்டதே இல்லை. நான் டம்ளரை எடுக்கத் தோன்றாமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி, கோபமாக, "பானி!" என்றார். மகள் ஓடிவந்து கொடுத்தாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தமிழ் தவிர வேறு பேச்சு கூடாது என்பது அவர் போட்ட சட்டம். டெல்லியில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் வீட்டிலும் ஹிந்தியில் பேசுகிறார்கள், என் மகள் பேசக் கூடாது என்பார். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஹிந்தியில் ஏதாவது கேட்டால் காது கேட்காதவர்போல உட்கார்ந்திருப்பார். "தமிழ்ல கேளு," என்பார். அவள் அழுவாள். சில நாள் கேட்க வந்ததையே விட்டுவிட்டுப் போய்விடுவாள். நான் டீச்சர், எனக்கு அதில் பெருமைதான் இருந்தது.

ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. போதுமென்றால் பஸ், டீக்கு சாய், நிறுத்தென்றால் பந்த் கரோ, வலிக்கு தர்த். எல்லாம் ஹிந்தி. நான் தமிழில் பேசினால் பாதி புரிகிறது என்று முகத்தில் தெரியும், பதில் தமிழில் வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவளிடமிருந்த படம் போட்ட அட்டைகள் எல்லாம் ஹிந்தியில் இருந்தன. அதனாலா, ஆபீஸில் அத்தனை வருடம் ஹிந்தி பேசியதாலா, மூளையில் அடிபட்ட இடத்தினாலா என்று நரம்பு டாக்டரைக் கேட்டேன். எந்த மொழி முதலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வருவதை வரவிடுங்கள் என்றார்.

நான் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெள்ளை அட்டையை வெட்டி, பெரிய எழுத்தில் எழுதி, படம் ஒட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல அவருக்குக் காட்டினேன். மரம், வீடு, பால். மூன்று நாள் பொறுத்துக்கொண்டார். நாலாம் நாள் இடது கையால் அட்டைகளைத் தட்டிவிட்டு, "யே க்யா ஹை?" என்று கத்தினார். இது என்ன என்று உண்மையாகவே கேட்டார். அட்டைகள் சோபாவுக்கு அடியில் போய்விட்டன. குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

மகள் சனி, ஞாயிறு வருவாள். அவளும் அவரும் ஹிந்தியில் பேசுவார்கள். அவர் தடுமாறும் வார்த்தையை அவள் எடுத்துக் கொடுப்பாள். அவர் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் டீத் தட்டோடு வாசலில் நின்று, என்ன, என்ன என்று கேட்டேன். "குச் நஹீ," என்றார் அவர். அவ்வளவு காலம் தகப்பனிடம் நெருங்காத பெண் இப்போது அவர் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாகத்தான் இருந்தது. அவள் என்னிடம் மருந்து வேளைகள் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை அப்போது.

என் ஹிந்தி கடைக்கும் ஆட்டோவுக்கும் ஆன ஹிந்தி. கடைக்காரரைக் கூப்பிட பையா, கொத்தமல்லிக்கு தனியா, சீக்கிரம் வேண்டுமென்றால் ஜல்தி, சரியென்றால் அச்சா, அவ்வளவுதான். பள்ளியில் எல்லாரும் தமிழர்கள், சொஸைட்டியில் பாதிப் பேர் தமிழர்கள், எனக்குத் தேவைப்படவில்லை. அறுபத்தோரு வயதில் பழைய பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்பு ஹிந்திப் புத்தகத்தை வாங்கிவந்து, அவர் தூங்கும் மத்தியானங்களில் படித்தேன். மேஜையும் நாற்காலியும் ஆணா பெண்ணா என்று நினைவு வைத்துக்கொள்வது பெரிய பாடு. ஒரு நாள் கடைக்குப் போய் வருகிறேன் என்பதை, வாக்கியம் கூட்டி, "மை ஆத்தா ஹூ," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆத்தி," என்றார். "ஆத்தி ஹூ." ஆண்பிள்ளை வருகிற மாதிரி சொல்லிவிட்டேனாம். கோணின வாயோடு, தோள் குலுங்கச் சிரித்தார். படுத்த பிறகு அவர் என்னிடம் சிரித்தது அதுதான் முதல் முறை. நான் படிக்கட்டில் இறங்கிப் போகிறபோதும் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கழுத்து ஆபரேஷன் பேச்சு வந்தது. அந்த இடது குழாயைத் திறந்து உள்ளே படிந்திருப்பதை எடுத்துவிட வேண்டும், விட்டால் மீதியிருப்பதையும் ஒரு நாள் கொண்டுபோய்விடும் என்றார்கள். ஆனால் அந்த ஆபரேஷனின்போதே துணுக்கு உடைந்து மறுபடி அதே மாதிரி ஆகவும் வாய்ப்பு உண்டு. மறைக்காமல் சொன்னார்கள். மகள் செய்துவிடலாம் என்றாள். நான் முடியாது என்றேன். இன்னொரு தடவை அந்தக் கதவுக்கு வெளியே உட்கார என்னால் முடியாது என்றேன். எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. சக்கர நாற்காலியில் இருந்தவர் இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார்.

"கரோ," என்றார். செய்யுங்கள் என்று. பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். என்னைப் பார்த்து இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, "கரோ."

இந்த முறை மயக்க மருந்து டாக்டர் வேறொருவர். நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கண் இருட்டிய இரண்டு நாட்கள். அவருடைய அப்பா நாற்பத்தெட்டு வயதில் உட்கார்ந்த இடத்தில் போனது. கல்யாணத்துக்கு முன்னால் பிடித்த சிகரெட். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு முறை காரணமில்லாமல் விழுந்தது. ஒரு தடவை இறால் தின்று உடம்பெல்லாம் தடித்தது. தூங்கும்போது குறட்டை. டாக்டர், போதும் ஆன்ட்டி என்று சிரித்தார். நான் நிறுத்தவில்லை. மகள் ஒன்றையும் விடாமல், குறட்டையைக்கூட விடாமல், ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். வெளியே வந்து காரிடாரில் நடக்கும்போது என் நோட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த மூன்று மணி நேரம் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உள்ளே விட்டதும் ஓடிப்போய் அவர் இடது கையைப் பிடித்து அழுத்தினேன், அவர் அழுத்தினார். காலைத் தொட்டேன், விரலை அசைத்தார். பிறகு, "சாய்," என்று கேட்டார். கொடுக்கக் கூடாது என்றார்கள்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. மூன்றாவது மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு அதே சொஸைட்டியில் தரைத்தள ஃப்ளாட் ஒன்றுக்கு வந்துவிட்டோம். வலது கை சரியாகவில்லை. வலது காலை இழுத்து இழுத்து, கோல் ஊன்றி, பூங்காவரை போகிறார். முழு பாரத்தையும் தாங்குவது இடது கால்தான். அந்தப் புது முழங்கால் மட்டும் இல்லையென்றால் நின்றிருக்கவே முடியாது என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறது. சோறு, மோர், போதும், வேண்டாம், இங்க வா. சண்டை போடுவது மட்டும் முழுக்க ஹிந்தியில்.

போன மார்ச்சில் ஒரு மத்தியானம் அவரிடம் கேட்டேன். ஹிந்தியும் தமிழும் கலந்து, கையால் காட்டி, அந்தப் பெண் டாக்டர் கேட்டபோது ஏன் இல்லையென்று சொன்னீர்கள் என்றேன். அவர், "கப்?" என்றார். எப்போது என்று. கண் இருட்டியதே, சவரம் செய்யும்போது, திரை இறங்கியது என்றீர்களே. "கப்?" பேப்பர் படிக்கும்போது, பால்கனியில், மகளிடம் சொல்லாதே என்றீர்களே. அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே தேடினார். அவரிடம் அது இல்லை. அந்த மூன்று வாரம் மொத்தமாகப் போய்விட்டிருந்தது. அத்தனை நாளாக, தப்பில் பாதி அவருடையது என்று நினைத்துத்தான் நான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரோ அந்த அறையில் இருந்ததாகவே இப்போது நினைக்கவில்லை.

அவர் பயந்துவிட்டார் போலிருக்கிறது. என் கன்னத்தைத் துடைத்து, அழாதே என்று சொல்ல வந்து, எந்த மொழியிலும் வராமல் தலையை ஆட்டினார்.

நான் அவரிடம் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாதே என்றதால் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மறுபடி மூன்று மாதம் அந்த நாற்காலியையும் அந்த விசில் எண்ணுதலையும் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். தேதி எனக்கும் வேண்டியிருந்தது. அந்த அறையில் ஃபைலைத் திறந்தபோது என் மனதில் அவருடைய கண் இல்லை. என் காலைப் பொழுது இருந்தது, யாரும் அதட்டாத ஒரு காலைப் பொழுது. இதை அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சில மாதமாக ஒரு வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு மகள் வந்திருந்தாள். அவர் உள்ளே படுத்திருந்தார். சமையலறையில் அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"சலிச்சுப் போச்சுங்கறதுக்கு ஹிந்தில என்ன?" என்று கேட்டேன்.

"தக் ஜானா."

"அது உடம்பு களைச்சுப் போறதுல்ல? மனசு. ஒரு ஆள்கிட்ட, கூட இருந்து இருந்து."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தங்க் ஆ ஜானா," என்றாள். பிறகு, "யாருக்கும்மா சொல்லப் போற?"

நான் அடுப்பைச் சிறிதாக்கினேன். அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் கோபம் இல்லாமல் என்னைப் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. அல்லது எனக்கு அப்படித் தோன்ற வேண்டியிருந்தது.

"அப்பாகிட்ட அதச் சொல்லாதம்மா," என்றாள் கடைசியில். "ஹிந்தில சொன்னா அவருக்கு அது நல்லாவே புரியும்."

கிண்ணத்தில் இருந்த பட்டாணியை என்னிடம் தள்ளினாள். நான் கழுவி வைத்தேன்.